கதண்டு கொட்டி ஹார்ட் அட்டாக் வருமா? ரத்தக் குழாயை விரிக்கிற ஹிஸ்டமின் இதயத்துல மட்டும் ஏன் சுருக்குது?

வந்த கடிதம் இது. கதண்டுன்னா ஒரு வகை பெரிய குளவி. கொஞ்சம் சுருக்கியிருக்கேன், பேரு ஊரு வேண்டாம்னு கேட்டதால எடுத்துட்டேன்.

“டாக்டர் சார் வணக்கம். நாங்க தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 56 வயசு, 8 வருஷமா சுகர், பீடி பழக்கம் உண்டு. நெஞ்சு வலின்னு ஒருநாளும் சொன்னதில்ல. போன மாசம் வரப்பு வெட்டும்போது பனைமரத்துல இருந்த கதண்டு கலைஞ்சு ஏழெட்டு இடத்துல கொட்டிருச்சு. பத்து நிமிஷத்துல உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வந்து, வேர்த்துக் கொட்டி, நெஞ்சை அடைக்குதுன்னாரு. நானும் சித்தப்பாவும் பைக்ல நடுவுல உக்கார வச்சு பக்கத்து கிளினிக்குக்கு தூக்கிட்டு போனோம். அவில் ஊசியும் டெக்சாவும் போட்டாங்க. அட்ரினலின் போடலாமான்னு நர்ஸ் கேட்டாங்க, நெஞ்சு வலி இருக்குறவருக்கு வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் டவுன் ஆஸ்பத்திரில இசிஜி எடுத்தா அட்டாக் மாதிரி இருக்குன்னு ஆஞ்சியோ பண்ணாங்க, ஒரு இடத்துல 40 சதவீதம் அடைப்பு, ஸ்டென்ட் தேவையில்லன்னாங்க. டிஸ்சார்ஜ் சம்மரில ‘கூனிஸ் சிண்ட்ரோம் டைப் 2’ன்னு இருக்கு, யாரும் விளக்கி சொல்லல. நெட்ல படிச்சா ஹிஸ்டமின்தான் காரணம்னு போட்டிருக்கு, அதே நெட்ல ஹிஸ்டமின் ரத்தக் குழாயை விரிய வைக்கும்னும் போட்டிருக்கு. விரிஞ்சா ரத்தம் நல்லாத்தானே ஓடணும், அப்புறம் எப்படி அட்டாக்? தினமும் லீவோசெட்ரிசின் போட்டா இனிமே வராதா? மீன், கருவாடு எல்லாம் நிறுத்தணுமா? இப்ப ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால் சாப்பிடுறாரு. கூடு இன்னும் மரத்துலயேதான் இருக்கு.”

தம்பி, அந்த சம்மரிய எழுதின டாக்டர் யாருன்னு எனக்கு தெரியாது, ஆனா அவரு கையை புடிச்சு குலுக்கணும் போல இருக்கு. ஏன்னா இந்த மாதிரி கேஸ்ல பாதிக்கு மேல “பூச்சி கடிச்ச பயத்துல படபடப்பு”ன்னோ, இல்ல “ஏற்கனவே இருந்த ஹார்ட் பிரச்சனை, கதண்டு ஒரு சாக்கு”ன்னோ எழுதி முடிச்சுடுறதைத்தான் நான் பாத்திருக்கேன், ரெண்டையும் சேத்து ஒரே வியாதியா பாக்குறதுக்கு ஒரு கண்ணு வேணும். என்ன, எழுதினவரு அஞ்சு நிமிஷம் உக்காந்து உங்ககிட்ட பேசியிருக்கலாம். அந்த பாக்கியைத்தான் நான் இப்ப தீக்குறேன்.

உங்க கேள்வில இருக்குற முரண்பாடு நெஜமானது. நெட்டு பொய் சொல்லல, ரெண்டுமே உண்மைதான். ஹிஸ்டமின் குழாயை விரிக்கவும் செய்யும், சுருக்கவும் செய்யும். எந்த குழாய், அந்த குழாயோட உள்பக்கம் எந்த நெலமைல இருக்கு, அதை பொறுத்துதான் முடிவு.

ஹிஸ்டமின்ங்கிறது நம்ம உடம்பே தயாரிச்சு வச்சிருக்கிற சரக்கு, ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலத்துலேர்ந்து வர்றது. மாஸ்ட் செல்னு ஒரு வகை செல் இருக்கு, அதுக்குள்ள பொட்டலம் பொட்டலமா கட்டி இதை அடுக்கி வச்சிருக்கும், வெளியாள் யாராவது உள்ள பூந்தா பொட்டலத்தை பிரிச்சு கொட்டும். தோல், மூச்சுக்குழாய், குடல்னு வெளி உலகம் வந்து மோதுற இடத்துல எல்லாம் இந்த செல் காவலுக்கு நிக்குது. இதயத்துலயும் நிக்குது, அதுவும் இதயத்துக்கே ரத்தம் கொண்டு போற கரோனரி குழாய்களை சுத்தி. பலபேருக்கு தெரியாத விஷயம் இதுதான். அலர்ஜின்னா தோலுன்னும் மூக்குன்னும்தான் நெனைக்கிறோம், இதயமும் அந்த லிஸ்ட்ல உண்டு.

ஒரு சின்ன வேலை பண்ணி பாருங்க. நகத்தால முன்கையில அழுத்தி ஒரு கோடு போடுங்க. மொதல்ல கோடு செவக்கும், அப்புறம் அதை சுத்தி செவப்பு பரவும், சிலபேருக்கு கோடு அப்படியே தடிச்சு எழும்பும். இதை 1927-ல ஒழுங்கா எழுதி வச்சவரு லண்டன்ல இருந்த தாமஸ் லூயிஸ், அவரு தோல் டாக்டர் இல்ல, இசிஜி துறைல முன்னோடியான இதய டாக்டர். தோலுக்குள்ளேர்ந்து ஹிஸ்டமின் மாதிரி ஒரு பொருள் வருதுன்னு அவரு சொன்னாரு. அதுக்கு முன்னாடியே 1910-ல ஹென்றி டேலும் பாட்ரிக் லெய்ட்லாவும் ஹிஸ்டமினை மிருகங்களுக்கு ஏத்தி, பிபி சரிஞ்சு விழுறதை பாத்து எழுதியிருந்தாங்க. ஆக “ஹிஸ்டமின்னா விரியும்”ங்கிறது நூறு வருஷத்துக்கு மேல பழைய பாடம். தோல்ல நீங்க கண்ணால பாக்குறது அதைத்தான், உங்க அப்பா உடம்புல வந்த தடிப்பும் அதேதான், சின்ன குழாயெல்லாம் விரிஞ்சு, சுவர்ல இடைவெளி விட்டு, ரத்தத்துல இருக்குற தண்ணி வெளிய கசிஞ்சு நின்னது.

இப்ப கரோனரி குழாய்க்கு வருவோம். குழாயோட சுவர்ல ரெண்டு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க. வெளிப்பக்கம் சுருங்கி விரியிற தசை. உள்பக்கம், ரத்தம் உரசிட்டு போற பக்கம், ஒரே ஒரு செல் கனத்துல ஒரு பூச்சு, அதுக்கு எண்டோதீலியம்னு பேரு. ஹிஸ்டமின் சொல்ற சேதியை கேக்குறதுக்கு உடம்புல நாலு வகை காது உண்டு, இங்க நமக்கு வேண்டியது ஹெச்1, ஹெச்2ன்னு ரெண்டு. தசையில இருக்குற ஹெச்2 கேட்டா தசை தளரும், குழாய் விரியும். தசையில இருக்குற ஹெச்1 கேட்டா தசை இறுகும், குழாய் சுருங்கும். இதுல வேடிக்கை என்னன்னா அதே ஹெச்1 உள்பூச்சுலயும் இருக்கு, அங்க கேட்டா அந்த பூச்சு நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவை விடும், அது பக்கத்துல இருக்குற தசைய போய் தளர்த்தும். ஒரே ஹெச்1, பூச்சுல இருந்து கேட்டா விரி, தசையில இருந்து கேட்டா சுருங்கு.

அதனால ஆரோக்கியமான ஆளுக்கு ஹிஸ்டமின் போச்சுன்னா, பூச்சு சொல்றதும் ஹெச்2 சொல்றதும் சேந்து ஜெயிச்சுடும், கரோனரில ரத்த ஓட்டம் கூடத்தான் செய்யும், குறையாது. நீங்க படிச்சது இதுதான், சரியாத்தான் படிச்சிருக்கீங்க.

பிரச்சனை எங்கன்னா, பூச்சு உரிஞ்ச சுவர்ல. 8 வருஷம் சுகர், அதைவிட நீளமான பீடி வாழ்க்கை, இதெல்லாம் முதல்ல கெடுக்கிறது அந்த ஒரு செல் பூச்சைத்தான், அடைப்பு 40 சதவீதம் ஆகி ஆஞ்சியோல தெரியிறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே. பூச்சு வேலை செய்யலன்னா நைட்ரிக் ஆக்சைடு வராது, “விரி”ன்னு சொல்ற குரல் ஒண்ணு அடங்கிப் போச்சு, மிச்சம் இருக்கிறது தசையோட ஹெச்1, அது சொல்றதுதான் எடுபடும். மனுஷ கரோனரி குழாயை பிரேதத்துலேர்ந்து எடுத்து துண்டா வெட்டி ஹிஸ்டமின்ல போட்டு பாத்த ஆராய்ச்சி 1980-கள்ல ஜப்பான்ல நடந்துச்சு, உள்பூச்சை சொரண்டி எடுத்துட்டா சுருக்கம் ஜாஸ்தியாகுறதை அதுல காட்டினாங்க. 1984-ல வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம், இதய நோயாளிகளோட கரோனரி குழாய் மத்தவங்க குழாயை விட ஹிஸ்டமினுக்கு அதிகமா சுருங்குது, அது போதாதுன்னு அந்த குழாய் சுவருக்குள்ளயே ஹிஸ்டமின் சரக்கும் அதிகமா கிடக்குது. அதாவது அடைப்பு படிஞ்ச இடத்துல மாஸ்ட் செல் கூட்டம் கூடி உக்காந்திருக்கு. 1995-ல பின்லாந்துல, அட்டாக்ல இறந்தவங்களோட குழாய்ல கொழுப்பு படிவு வெடிச்ச இடத்தையே பாத்தாங்க, அங்கயும் பொட்டலம் பிரிச்ச மாஸ்ட் செல்லுங்க இருந்துச்சு. வெடிமருந்தும் பூச்சு போன சுவரும் ஒரே இடத்துல, நெருப்பு மட்டும் வெளியிலேர்ந்து வரணும். உங்க அப்பாவுக்கு அது பனைமரத்துலேர்ந்து வந்துச்சு.

இது ஒரு பாதிதான், இன்னொரு பாதியும் சொன்னாத்தான் அன்னைக்கு என்ன நடந்திருக்கும்னு புரியும். நீங்க டெல்டாக்காரரு, உங்களுக்கு தண்ணி கணக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆத்துல நிக்கிற தண்ணி மட்டம் இருந்தாத்தான் தலைமடை வாய்க்கால்ல தண்ணி ஏறும். இப்ப ஒரே நேரத்துல கீழ இருக்குற எல்லா மதகையும் தொறந்து விட்டு, கரையிலயும் அங்கங்க உடைப்பு எடுத்துக்கிச்சுன்னு வைங்க, ஆத்து மட்டம் சட்டுன்னு எறங்கிரும். உடம்பு முழுக்க குழாய் விரிஞ்சு ரத்தத்தோட தண்ணி கசியிறது அதுதான், கடுமையான அலர்ஜில ரத்தக் குழாய்ல ஓடுற திரவத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் பத்தே நிமிஷத்துல வெளிய போயிடலாம். இதயத்தோட சொந்த வாய்க்கால் பெருந்தமனி ஆரம்பிக்கிற இடத்துலயே பிரியுது, அதுக்கு தண்ணி ஏறணும்னா பெருந்தமனில பிரஷர் நிக்கணும். பிரஷர் இல்ல. அது பத்தாதுன்னு அந்த வாய்க்காலோட மதகு, அதான் சுருங்கின இடம், பாதிக்கு மேல எறங்கி கெடக்குது. இன்னும் ஒண்ணு, ஹிஸ்டமின் இதயத் தசையில இருக்குற ஹெச்2-வையும் தட்டி எழுப்பும், வேகமா அடி, பலமா அடின்னு. வரத்து குறைஞ்ச நேரத்துல வேலையை ரெண்டு மடங்கு குடுத்த மாதிரி. மத்த உறுப்பெல்லாம் ரத்தத்துல வர்ற ஆக்சிஜன்ல கொஞ்சத்தை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அனுப்பிடும், இதயம் சும்மா இருக்கும்போதே கிட்டத்தட்ட 70 சதவீதத்தை உறிஞ்சிடும், கஷ்ட காலத்துக்குன்னு கையில ஒண்ணும் மிச்சம் வச்சுக்காது. அதனால ஓட்டம் குறைஞ்சா உடனே வலி, உடனே இசிஜில மாத்தம்.

இப்ப அந்த பேரு. கிரீஸ் நாட்டுல பட்ராஸ்ங்கிற ஊர்ல நிக்கோலாஸ் கூனிஸ்னு ஒரு இதய டாக்டர், 1991-ல சாவ்ராஸ்ங்கிற இன்னொருத்தரோட சேந்து, அலர்ஜில வெளிவர்ற ஹிஸ்டமின் கரோனரியை இறுக்கி நெஞ்சு வலி கொண்டு வருதுன்னு, “அலர்ஜிக் ஆஞ்சைனா”ன்னு பேரு வச்சு எழுதினாரு. இந்த மாதிரி கேஸு அதுக்கு முன்னாடியும் பதிவாகியிருக்கு, 1950-லயே பென்சிலின் அலர்ஜி நடுவுல ஹார்ட் அட்டாக் வந்த ஒருத்தரை பத்தி எழுதியிருக்காங்க, ஆனா புள்ளிகளை இணைச்சது கூனிஸ்தான். இதுல டைப் 1-ன்னா குழாய் பாக்க சுத்தமா இருக்கும், வெறும் இறுக்கம் மட்டும்தான். டைப் 2-ன்னா ஏற்கனவே படிவு இருந்து, அது மேல இறுக்கமோ, இல்ல படிவு கீறி ரத்தக் கட்டியோ வர்றது, உங்க அப்பா இதுல. டைப் 3 ஸ்டென்ட் வச்சவங்களுக்கு, அந்த ஸ்டென்ட்லயே கட்டி வர்றது. அவ்ளோதான், டைப் 2ன்னா ரெண்டாவது ஸ்டேஜ் எல்லாம் இல்ல, பயப்படாதீங்க. கதண்டு தேனீ மட்டும் இல்ல, ஆன்டிபயாட்டிக், டைக்ளோஃபினாக் மாதிரி வலி ஊசி, ஸ்கேனுக்கு போடுற சாய மருந்து, எறா நண்டு இப்படி எதுக்கு அலர்ஜி வந்தாலும் இது வரலாம்.

உங்க அப்பாவுக்கு வந்தது நெஜமாவே அலர்ஜியான்னு கேட்டா, அதுலயும் ஒரு சின்ன சிக்கல் இருக்கு. கதண்டு, குளவி விஷத்துலயே ஹிஸ்டமின் இருக்கு. அதோட மாஸ்டோபரன்னு ஒரு பொருளும் இருக்கு, அது அலர்ஜி இல்லாத ஆளுக்கும் மாஸ்ட் செல் பொட்டலத்தை நேரடியா பிரிச்சு விட்டுரும். அதனால நிறைய கொட்டு வாங்கினா அலர்ஜி இல்லாமலே இந்த கூத்து நடக்கும். இதை கண்டுபிடிக்க டிரிப்டேஸ்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, கொட்டி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல, அதிகபட்சம் நாலு மணிக்குள்ள எடுத்தா மாஸ்ட் செல் வெடிச்சுச்சான்னு சொல்லிடும். ஹிஸ்டமினையே அளக்கலாமேன்னு கேப்பீங்க, அது ரத்தத்துல சில நிமிஷம்தான் தங்கும், நம்ம ஊரு ரோட்டுல ஆஸ்பத்திரி போய் சேர்றதுக்குள்ள காணாம போயிடும். அன்னைக்கு டிரிப்டேஸ் எடுக்கல போல, பரவாயில்ல. ஆனா இப்ப ஒரு தடவை சாதாரண நெலமைல எடுத்து பாக்கச் சொல்லுவேன், 11.4-க்கு மேல இருந்தா மாஸ்ட் செல்லே அளவுக்கு மீறி இருக்குற சில நோய்களை தேடணும், அவங்களுக்கு அடுத்த கொட்டு ரொம்ப ஆபத்து. பெரிய லேபுகள்ல பண்றாங்க. அப்படியே கிரியாட்டினின்னு கிட்னி டெஸ்டும் ஒரு தடவை பாத்துடுங்க, நிறைய கொட்டு வாங்கினவங்களுக்கு தசை சிதைஞ்சு கிட்னி அடிவாங்குறது உண்டு, அதுவும் இவருக்கு சுகர் வேற.

சரி, லீவோசெட்ரிசின். அரிப்புக்கு நல்ல மாத்திரை, எனக்கு அது மேல ஒரு கோபமும் இல்ல. ஆனா அதை தினம் போட்டுக்கிட்டு “இனிமே கதண்டு கொட்டினாலும் அட்டாக் வராது”ன்னு நம்புனா ஏமாந்துடுவீங்க. அது மூடுறது ஹெச்1 காதை மட்டும். மாஸ்ட் செல் பொட்டலத்தை பிரிக்கும்போது ஹிஸ்டமின் மட்டுமா வெளிய விழுது, லூகோட்ரைன், பிளேட்லெட்டை தூண்டுற பொருள், கைமேஸ், டிரிப்டேஸ்னு ஒரு கும்பலே வருது. இதுல சிலது குழாயை ஹிஸ்டமினை விட நல்லா இறுக்கும், சிலது படிவோட மூடியை அரிச்சு விடும், சிலது ரத்தத்தை கட்டியாக்கும். ஒருத்தனை புடிச்சு உள்ள வச்சுட்டு கூட்டமே அடங்கிடுச்சுன்னு சொல்ற கதை. இப்ப அரிப்பு தடிப்பு ஒண்ணும் இல்லன்னா அந்த மாத்திரை தினசரி தேவையே இல்ல, எழுதி குடுத்தவரை கேட்டு நிறுத்திடலாம்.

அவில் ஊசி விஷயமும் இதே கணக்குதான், அதுவும் ஹெச்1 காதை மூடுற மருந்து. நம்ம ஊர்ல எந்த பூச்சி கடிச்சாலும் அவிலும் டெக்சாவும் போட்டு அனுப்புறது ஒரு சடங்காவே ஆகிப்போச்சு. தோல்ல வந்த தடிப்பு அதுல அடங்கும், பாக்குறவங்களுக்கு ஆள் தேறிட்ட மாதிரி தெரியும். சரிஞ்ச பிபிய அவில் தூக்காது. வேகமா நரம்புல ஏத்துனா இன்னும் கொஞ்சம் எறக்கக்கூட செய்யும். டெக்சா ஸ்டீராய்டு, அது வேலை செய்ய ஆரம்பிக்கவே மணிக்கணக்காகும்.

அட்ரினலின் பத்தி நீங்க நேரடியா கேக்கல, ஆனா உங்க கடிதத்துலயே எனக்கு பெருசா பட்டது அந்த ஒரு வரிதான். நெஞ்சு வலிக்காரருக்கு அட்ரினலின் வேண்டாம்னு சொன்ன அந்த பயம் முழுசா ஆதாரமில்லாத பயம் இல்ல. அட்ரினலினும் கரோனரிய இறுக்கலாம், இதயத்தோட வேலையையும் கூட்டும், கூனிஸ் நோயாளிகள்ல சிலருக்கு அது போட்டப்புறம் வலி கூடினதா பதிவுகள் இருக்கு. ஆனா உடம்பெல்லாம் தடிப்பு, பிபி சரியுது, வேர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குதுன்னு இருக்கும்போது முதல்ல சாகடிக்கிறது அந்த சரிஞ்ச பிபியும் மூச்சடைப்பும்தான், அதை தடுக்க இருக்குற ஒரே முதல் மருந்து அட்ரினலின். அதுவும் அது ஒண்ணுதான் மாஸ்ட் செல் மேற்கொண்டு பொட்டலம் பிரிக்கிறதையே அடக்கும். பெரியவங்களுக்கு அரை மில்லிகிராம், தொடையோட வெளிப்பக்கம் நடுவுல, தசைக்குள்ள. தசையில போடுறதுல அபாயம் ரொம்ப கம்மி, வம்பு வர்றது பெரும்பாலும் தப்பான அளவை நேரா நரம்புல ஏத்துறப்பதான். பிபி நல்லா இருந்து, மூச்சு நல்லா இருந்து, வெறும் தடிப்பும் நெஞ்சு வலியும் மட்டும்னா யோசிக்கலாம், அது டாக்டர் பக்கத்துல நின்னு எடுக்குற முடிவு. உங்க அப்பா அன்னைக்கு எந்த பக்கம் இருந்தாருன்னு பிபி அளவு இல்லாம நான் சொல்ல முடியாது, அந்த கிளினிக்ல பிபி பாத்தாங்களான்னே நீங்க எழுதல. பாக்காமலே வேண்டாம்னு சொல்லியிருந்தா அது தப்பு.

இன்னொரு விஷயம், கோவிச்சுக்காதீங்க, பைக்ல நடுவுல உக்கார வச்சு கொண்டு போனது. எல்லாரும் பண்றதுதான், நல்ல எண்ணத்துலதான், நானா இருந்தாலும் பதட்டத்துல அதைத்தான் பண்ணியிருப்பேன். ஆனா ஏற்கனவே ரத்தம் குழாயை விட்டு கசிஞ்சு, மிச்சம் இருக்குறது காலுக்கு எறங்கி நிக்கும்போது, நிமித்தி உக்கார வச்சா இதயத்துக்கு திரும்பி வர்ற ரத்தமே இல்லாம போயிடும், எழுப்பி உக்கார வச்ச அந்த நிமிஷத்துல இறந்துபோன கேஸ்கள் பிரிட்டன்ல பதிவாகியிருக்கு. அதே பிரிட்டன் கணக்குலதான், பூச்சி கொட்டி இறந்தவங்களுக்கு இதயம் நின்னது பெரும்பாலும் 15 நிமிஷ வாக்குல. அதனால படுக்க வச்சு காலை தூக்கி வைங்க, மூச்சு ரொம்ப வாங்கினா மட்டும் சாச்சு வைங்க, 108-க்கு போன் போடுங்க. ஆம்புலன்ஸ் லேட்டாகும்னா கார், வேன், டாட்டா ஏஸ் எதுவானாலும் படுக்க இடம் இருக்குறதா பாருங்க.

மெட்டோப்ரோலால் பத்தி அவசியம் உங்க கார்டியாலஜிஸ்ட்கிட்ட பேசணும். அது பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பை மட்டுப்படுத்துற மருந்து. சாதாரண அட்டாக்குக்கு அருமையான மருந்து, நானே தினம் பத்து பேருக்கு எழுதுறேன். ஆனா இறுக்கத்தால வர்ற நெஞ்சு வலிக்கு அது சில சமயம் எதிரா வேலை செய்யும், அதைவிட முக்கியம், அடுத்த தடவை கதண்டு கொட்டி அட்ரினலின் போட்டா அந்த ஊசி வேலை செய்ய வேண்டிய கதவை இது சாத்தி வச்சிருக்கும், அப்புறம் குளுக்ககான்னு வேற மருந்தை தேடி ஓடணும், அது எத்தனை ஊர்ல கைவசம் இருக்கு. இறுக்கத்துக்கு டில்டியாசெம், நைட்ரேட் மாதிரி மருந்துகள் பொருத்தமா இருக்கும். ஆனா தம்பி, இதை படிச்சுட்டு நீங்களா மாத்திரையை தூக்கி போட்டுடாதீங்க, பீட்டா பிளாக்கரை சட்டுன்னு நிறுத்துறது தனி ஆபத்து. பிபி, இதயத் துடிப்பு, எக்கோ எல்லாம் பாத்து அவரு மாத்தட்டும். கொழுப்பை குறைக்கிற அட்டோர்வாஸ்டாட்டின் கண்டிப்பா தொடரணும், ஆஸ்பிரினும் அவருக்கு ஒத்துக்குதுன்னா அப்படியே. இனிமே எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும், பல்லு புடுங்கப் போனாலும், இந்த சம்மரி ஜெராக்ஸ் ஒண்ணு சட்டைப் பையில இருக்கட்டும், ஏன்னா வலிக்கு போடுற மார்ஃபின்லேர்ந்து மயக்கத்துக்கு போடுற சில மருந்து வரைக்கும் மாஸ்ட் செல்லை சீண்டி விடுற பட்டியல் ஒண்ணு இருக்கு, தெரிஞ்ச டாக்டர் வேற மருந்தா பாத்து போடுவாரு.

இப்ப மீனும் கருவாடும். உங்க ஆத்தா காலத்துல சொறி சிரங்கு வந்தா கத்தரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம், தொடாதேன்னு சொல்லியிருப்பாங்க. கருவாட்டை பொறுத்தவரைக்கும் அவங்க சொன்னதுல விஷயம் இருக்கு. சூரை, அயிலை, மத்தி மாதிரி மீன்ல ஹிஸ்டிடின் நிறைய. புடிச்சதும் ஐஸ்ல வைக்காம விட்டா, அதுல வளர்ற பாக்டீரியா அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக்கிடும், மீன் பாக்க மோப்பம் பிடிக்க நல்லாவே இருந்தாலும். ஒருதரம் உண்டாயிடுச்சுன்னா கொழம்பு வச்சாலும் போகாது, வறுத்தாலும் போகாது, ஃப்ரீசர்ல வச்சாலும் போகாது. ஒரு கிலோ மீன்ல 200 மில்லிகிராமுக்கு மேல ஹிஸ்டமின் இருக்கக் கூடாதுன்னு சர்வதேச உணவு தர வரம்பு வச்சிருக்காங்க. மிஞ்சின மீனை சாப்பிட்டா மொகம் செவந்து, தலைவலி, படபடப்பு, நாக்குல மிளகு கடிச்ச மாதிரி ஒரு காரம், எல்லாம் வரும், பாக்க அலர்ஜி மாதிரியே இருக்கும் ஆனா அலர்ஜி இல்ல, கெட்ட மீன். பூச்சு போன கரோனரி இருக்குறவருக்கு அது நெஞ்சு வலியாவும் மாறலாம், அப்படியும் கேஸ் பதிவாகியிருக்கு.

அதுக்காக மீனையே நிறுத்தச் சொல்லல, மீன் இதயத்துக்கு நல்லதுதான். ஐஸ்ல வந்த மீனா பாத்து வாங்குங்க, மத்தியானம் வரைக்கும் வெயில்ல கிடந்த சூரையை பாதி விலைக்கு தர்றான்னு வாங்காதீங்க, அவ்ளோதான். கருவாடு இவருக்கு உப்புக்காகவே குறைக்கணும், ஹிஸ்டமின் ரெண்டாவது காரணம். வீட்ல யாராவது டிபி மாத்திரை சாப்பிடுறாங்களா? ஐசோனியசிட் சாப்பிடுறவங்களுக்கு குடல்ல ஹிஸ்டமினை உடைக்கிற என்சைம் மட்டுப்படும், மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ணாத மீன் அவங்களுக்கு மட்டும் ஒத்துக்காம போகும். இதை 1970-கள்லயே இலங்கை டாக்டருங்க அங்க டிபி நோயாளிகள்கிட்ட பாத்து எழுதி வச்சிருக்காங்க. மத்தபடி தக்காளி சாப்பிடாதே, தயிர் சாப்பிடாதே, ஹிஸ்டமின் இல்லாத டயட்னு நெட்ல விக்கிறதுக்கெல்லாம் உங்க அப்பா விஷயத்துல ஒரு வேலையும் இல்ல, காசை மிச்சம் பண்ணுங்க.

அப்பாகிட்ட பேச வேண்டியது பீடியை பத்தி. நான் மேல சொன்னதுல, அன்னைக்கு கதண்டு கொட்டினது நம்ம கையில இல்ல, மாஸ்ட் செல் நம்ம கையில இல்ல, ஹெச்1 நம்ம கையில இல்ல, அந்த ஒரு செல் பூச்சு மட்டும்தான் கொஞ்சமாவது நம்ம கையில இருக்கு. பீடியை விட்டா அது மெல்ல மெல்ல தேறும், சுகரையும் கொழுப்பையும் கட்டுல வச்சா இன்னும் தேறும், அட்டோர்வாஸ்டாட்டின் குடுக்கிறதும் பாதி அதுக்குத்தான். “கதண்டுதானே அட்டாக் கொண்டு வந்துச்சு, பீடியா கொண்டு வந்துச்சு”ன்னு அவரு கேப்பாரு, கண்டிப்பா கேப்பாரு, எங்கிட்ட எத்தனை பேரு இதே மாதிரி கேட்டிருக்காங்க தெரியுமா. அன்னைக்கு பக்கத்துல வரப்பு வெட்டின யாருக்காவது கொட்டு விழுந்துச்சான்னு கேளுங்க, அவங்களுக்கு தடிப்போட போயிருந்தா அதையே பதிலா சொல்லுங்க.

அலர்ஜி டாக்டர் ஒருத்தரையும் பாத்துடுங்க, குளவி விஷத்துக்கு அலர்ஜி இருக்கான்னு டெஸ்ட் பண்ணி, இருந்தா விஷத்தையே துளித் துளியா ஏத்தி உடம்பை பழக்குற சிகிச்சை இருக்கு, நல்லா வேலை செய்யிற சிகிச்சைதான், ஆனா நம்ம ஊர் கதண்டுக்கு பொருந்துற மருந்து கெடைக்கிறது சுலபம் இல்ல. வெளிநாட்டுல பேனா மாதிரி பையில வச்சுக்கிட்டு குத்திக்கிற அட்ரினலின் ஊசி உண்டு, இங்க அதுவும் லேசுல கெடைக்காது. உங்க அப்பாவுக்கு ஒரு ஆம்பூலும் சிரிஞ்சும் வீட்ல வச்சுக்கலாமா, யாரு போடுறது, எவ்ளோ போடுறதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, அவங்க முன்னாடியே ஒரு தடவை கத்துக்கங்க. ஆம்பூல் ஒண்ணும் பெரிய விலை இல்ல.

கடைசியா அந்த கூடு. நீங்களோ சித்தப்பாவோ ராத்திரில பந்தம் கொளுத்திக்கிட்டு போயிடாதீங்க, தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல போன் பண்ணி சொல்லுங்க, அவங்களே வந்து அழிச்சுக் குடுப்பாங்க. அது வரைக்கும் அந்த வரப்பு பக்கம் அப்பாவை விடாதீங்க.